நோன்பு வைக்கலாமா, வேண்டாமா? டைப் 1 சர்க்கரை உள்ள இளைஞருக்கு ரமலானில் உண்மையான சிக்கல் எது?

ரமலான் மாதம். சாயங்காலம் 5.45 மணி. பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சிக் கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மக்ரிப் பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. வரிசையில் உட்கார்ந்திருக்கும் 22 வயது இளைஞர் ஒருவருக்குக் கை லேசாக நடுங்குகிறது. நெற்றி வியர்க்கிறது. 'இன்னும் அரை மணி நேரம்தானே, தாங்கிக்கலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அவருக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனுக்குக்கூடத் தெரியாது.

இது ஒரு உதாரணம்தான், குறிப்பிட்ட யாருடைய கதையும் அல்ல. ஆனால் ரமலான் நேரத்தில் சர்க்கரை நோய் டாக்டர்களிடம் பேசினால், இப்படி ஒருவரையாவது பார்த்திருப்பதாகச் சொல்வார்கள்.

அந்த இளைஞரை நோன்பு வைக்கச் சொல்லி மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை. மருத்துவமும் சொல்லவில்லை. அப்புறம் ஏன் வைத்தார்?

மார்க்கம் என்ன சொல்கிறது?

இதில் பெரிய குழப்பம் இல்லை. ரமலான் நோன்பைக் கடமையாக்கும் அதே இடத்தில், அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 184, 185 ஆகிய வசனங்களில், நோயாளிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் விலக்கு தரப்பட்டிருக்கிறது. கடமையும் விலக்கும் அடுத்தடுத்து வருகின்றன. பின்னாளில் யாரோ இரக்கப்பட்டுச் சேர்த்த சலுகை அல்ல இது.

காய்ச்சல் போல வந்து போகும் நோய் என்றால், குணமான பிறகு விட்ட நோன்புகளைக் கணக்குப் பார்த்து வைத்துவிட வேண்டும். இதைத்தான் களா நோன்பு என்கிறார்கள். குணமாக வாய்ப்பில்லாத, நோன்பே தாங்க முடியாத நோய் என்றால், விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு உணவு கொடுக்க வேண்டும். அது ஃபித்யா. எவ்வளவு தானியம், எவ்வளவு பணம் என்பதில் மத்ஹபுக்கு மத்ஹப் வித்தியாசம் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள் அதிகம். உள்மாவட்டங்களில் ஹனஃபி அதிகம். அதனால் அளவை அந்தந்த ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே வழக்கம்.

டைப் 1 இதில் எந்தப் பக்கம் வரும்? குணமாகும் நோய் இல்லை. ஆனால் நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்தால், பகல் குறைவாக உள்ள குளிர்கால மாதத்தில் சிலரால் சில நோன்புகளை வைத்துவிடவும் முடியும். அதனால் களாவா, ஃபித்யாவா என்பதை டாக்டர் சொன்னதை எடுத்துக்கொண்டு ஆலிமிடம் போய்த்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு பேரிடமும் பேச வேண்டும். பெரும்பாலும் ஒருவரிடம்கூடப் பேசுவதில்லை என்பதுதான் பிரச்சினை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

டைப் 1 என்பது, வயதானவர்களுக்கு வரும் 'சுகர்' என்று பொதுவாக நாம் நினைக்கும் நோய் இல்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. பெரும்பாலும் சின்ன வயதிலோ பதின்பருவத்திலோ தெரியவரும். அன்றிலிருந்து ஊசி வழியாகப் போகும் இன்சுலின்தான் உயிர். அதிகமாகச் சாப்பிட்டதாலோ சோம்பேறித்தனத்தாலோ வருவதும் அல்ல.

சாப்பிடாத நேரத்தில் இன்சுலின் எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நாம் பட்டினி கிடந்தாலும் கல்லீரல் சும்மா இருக்காது. சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதைச் செல்களுக்குள் கொண்டுபோக அடிப்படை அளவு இன்சுலின் எப்போதும் தேவை. 'நோன்புதானே, ஊசி வேண்டாம்' என்று நிறுத்திவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அதில் உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்கும். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு கீழ்மூச்சு, மூச்சில் ஒருவிதப் பழ வாசனை என்று ஆரம்பித்து ஐசியூ வரை கொண்டுபோகும். ரமலானில் இந்த அறிகுறிகளைப் பார்க்கும் வீட்டார், 'வெறும் வயிறு, கேஸ் ட்ரபிளா இருக்கும்' என்று கடந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

இன்னொரு பக்கம், வழக்கமான அளவு ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், கடைசியில் மயக்கம். அந்த நேரத்தில் பைக் ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் சுமார் 13, 14 மணி நேரம் நடக்க வேண்டும். தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், ரமலான் எந்த மாதத்தில் வந்தாலும் இங்கே நோன்பு நேரம் பெரிதாக மாறுவதில்லை. வெயில்தான் மாறும்.

2001-ல் இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் எபிடியார் என்ற பெரிய ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2004-ல் வெளியாயின. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போவது, மற்ற மாதங்களைவிட ரமலானில் டைப் 1 நோயாளிகளிடம் 4.7 மடங்கும், டைப் 2 நோயாளிகளிடம் 7.5 மடங்கும் அதிகமாக இருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டிய தகவல் ஒன்றும் அதில் இருக்கிறது. டைப் 1 உள்ளவர்களில் சுமார் 43 சதவீதம் பேர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு வைத்திருந்தார்கள்.

அதாவது, 'வைக்காதீங்க' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று டாக்டர்கள் நினைத்தால், பாதிக்குப் பாதி பேர் அதைக் கேட்கப்போவதில்லை.

ஊசி போட்டால் நோன்பு முறியுமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. விரலில் குத்தி ரத்தம் பார்த்தால் நோன்பு போய்விடும் என்ற பயம் இன்னும் பரவலாக இருக்கிறது. அதனாலேயே சோதனை செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் இதைப் பற்றி விரிவாகவே தீர்மானம் போட்டிருக்கிறது. சோதனைக்காக ரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. தோலுக்கு அடியிலோ தசையிலோ போடும் சிகிச்சை ஊசியாலும் முறியாது. சத்துக்காக ஏற்றும் திரவங்களுக்கு மட்டும்தான் விதிவிலக்கு. இன்சுலின் தோலுக்கு அடியில் போடும் ஊசி. சத்து ஊசி இல்லை. பெரும்பான்மை அறிஞர்களின் கருத்தும் இதுவே. சந்தேகம் இருப்பவர் தன் ஊர் ஹஜ்ரத்திடம் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டுவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வசதி உள்ளவர்களுக்கு அடிக்கடி குத்திப் பார்க்கும் தேவையும் குறையும். ஆனால் அது எல்லோர் பர்ஸுக்கும் கட்டுப்படியாகும் விஷயம் இல்லை.

ஆபத்துக்கு ஒரு மார்க் ஷீட்

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும், நீரிழிவு–ரமலான் கூட்டமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு ஆபத்து என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கச் சொல்கிறது. 3 வரை இருந்தால் ஆபத்து குறைவு. 3.5 முதல் 6 வரை நடுத்தரம். 6-க்கு மேல் போனால் நோன்பு பாதுகாப்பில்லை.

நம் உதாரண இளைஞருக்கே போட்டுப் பார்ப்போம். டைப் 1 என்பதற்கு 1. தினமும் நீண்ட நேர இன்சுலினும் சாப்பாட்டுக்கு முன் குறுகிய நேர இன்சுலினும் போடுகிறார், அதற்கு 2.5. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9-க்கு மேல், அதற்கு 2. வீட்டில் சோதித்துப் பார்ப்பதே இல்லை, அதற்கு 2. மொத்தம் 7.5. சிவப்பு.

இதில் சுவாரசியமான விஷயம், டைப் 1 என்பதற்காகக் கிடைத்தது ஒரே ஒரு மதிப்பெண்தான். மீதி பெரும்பகுதி, நோயை எப்படிக் கையாள்கிறார் என்பதற்கு. எச்பிஏ1சியை 7.5-க்குக் கீழே கொண்டுவந்து, ஒழுங்காகச் சோதித்தும் பார்த்தால், அதே இளைஞர் 3.5-க்கு இறங்கிவிடுவார். அப்போதும் டாக்டரின் மேற்பார்வையோடு யோசிக்க வேண்டிய நிலைதான். ஆனால் கதவு மூடியிருக்கவில்லை. சர்க்கரை இறங்குவதே தனக்குத் தெரியாத நிலை ஒருவருக்கு இருந்தால், அதற்கு மட்டுமே 6.5. அவர் மற்ற எதையும் கூட்டிப் பார்க்கவே வேண்டாம்.

அப்புறம் ஏன் வைக்கிறார்கள்?

பக்தி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அது உண்மையும்கூட. ஏழெட்டு வயதில் முதல் நோன்பு வைத்த குழந்தையை வீடே கொண்டாடுகிறது. ஊரே ஒரே நேரத்தில் பசித்து, ஒரே பாங்குக்குத் திறக்கும் மாதம் அது. அதிலிருந்து விலகி நிற்பது ஒரு 22 வயதுக்காரருக்கு உணவு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. தன் ஆட்களிலிருந்தே வெளியே நிற்பது போல இருக்கும். 'எல்லாருக்கும் முடியுது, எனக்கு மட்டும் முடியலையே' என்ற எண்ணத்தை எந்த வழிகாட்டியும் மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை.

ஆனால் பக்தியோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ரகசியம்.

மற்ற 11 மாதங்களில் டைப் 1 நோயை மறைக்க முடியும். பாத்ரூமில் போய் ஊசி போட்டுக்கொள்ளலாம். 'ஸ்வீட் பிடிக்காது' என்று சொல்லித் தப்பிக்கலாம். ரமலானில் அது நடக்காது. பகலில் தண்ணீர் குடித்தால், திடகாத்திரமான ஒரு வாலிபர் ஏன் நோன்பு வைக்கவில்லை என்று கேள்வி வரும். 'உடம்பு சரியில்லை' என்றால் 'என்ன உடம்புக்கு?' என்று அடுத்த கேள்வி. நோன்பு வைக்காமல் இருப்பதே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். கால் உடைந்தவரை யாரும் கேட்பதில்லை, கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. டைப் 1 நோய்க்குக் கட்டு இல்லை.

பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். 'புள்ளைக்கு இன்சுலின்னு தெரிஞ்சா யாரு கட்டுவா?' என்ற கவலை முஸ்லிம் வீடுகளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. தமிழ்நாட்டில் எந்தச் சமூகத்திலும் டைப் 1 உள்ள பெண் பிள்ளையின் அம்மாவிடம் கேட்கக்கூடிய வார்த்தைதான். ஆனால் ரமலான், ஒரு மாதம் முழுக்க அந்த ரகசியத்தைச் சோதித்துப் பார்க்கிறது. மாதவிடாய் நாட்களில் பெண்களுக்கு நோன்பே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களிலேயே அடுப்படி மூலையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடும் பெண்கள் எத்தனையோ பேர். மார்க்கம் தந்த விலக்கை ஒளிந்து பயன்படுத்தும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வேலைக்காக ஊரை விட்டு வந்து தங்கியிருக்கும் இளைஞர்கள் நிலை வேறு மாதிரி. ஒரே அறையில் ஐந்தாறு பேர். ரமலானில் பகல் சமையல் நின்றுவிடும். சஹருக்கு எழுப்பிவிடுவதும், இஃப்தாருக்குப் பழம் நறுக்குவதும் முறை வைத்து நடக்கும். அங்கே ஒருவர் மட்டும் மத்தியானம் ஹோட்டல் தேடிப் போக வேண்டும். போகாமல் இருந்துவிடுவது சுலபம்.

டாக்டர்கள் பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. நெரிசலான ஓபியில், நோயாளி தயங்கித் தயங்கி 'நோன்பு...' என்று ஆரம்பிப்பதற்குள் 'அதெல்லாம் கூடாது' என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டால், அவர் வீட்டுக்குப் போய் நோன்பை விடப்போவதில்லை. டாக்டரிடம் சொல்வதை விட்டுவிடுவார். ஊசி அளவைத் தானே குறைத்துக்கொள்வார், அல்லது அறை நண்பன் சொன்னதைக் கேட்பார். முறையாக மாற்றிக்கொடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய ஆபத்து அங்கேதான் வருகிறது. சஹர் வேளை டோஸைக் குறைப்பது, நீண்ட நேர இன்சுலினை எப்போது போடுவது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குச் சொன்ன கணக்கு இன்னொருவருக்குப் பொருந்தாது.

கஞ்சிக் கோப்பையும் ஒரு கணக்குதான்

நோன்பு திறந்த பிறகு வருவது இன்னொரு பக்கம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் போட்டுக் குழையக் காய்ச்சிய நோன்புக்கஞ்சி தமிழ் முஸ்லிம்களின் அடையாளங்களில் ஒன்று. இதற்காகத் தமிழக அரசே ஒவ்வோர் ஆண்டும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்குகிறது. தூக்குவாளியில் அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவ வீடுகளுக்கும் போகும்.

ஆனால் குழைந்த அரிசி ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். கூடவே பேரீச்சம்பழம், வடை, சமோசா, சர்க்கரை போட்ட கடற்பாசி, ரோஸ்மில்க். பெரிய மெஜூல் ரகப் பேரீச்சை ஒன்றிலேயே 15 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. பகலெல்லாம் இறங்கிக் கிடந்த சர்க்கரை, இரவில் 300-ஐத் தாண்டுவது இப்படித்தான். கஞ்சியை விட வேண்டாம், ஒரு சின்னக் கோப்பை போதும். சிறிய பேரீச்சை ஒன்று. சர்பத்துக்குப் பதில் தண்ணீர். பொரித்ததற்குப் பதில் சுண்டல், முட்டை. சஹரை விடவே கூடாது, அதையும் பஜ்ருக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு தாமதமாகச் சாப்பிட வேண்டும். தராவீஹ் தொழுகையும் நல்ல உடற்பயிற்சிதான். அதற்குப் போகுமுன் ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது.

எப்போது பேசுவது?

ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி. இஸ்லாமிய மாதக் கணக்கில் அது ரஜப் மாதம். பிறை பார்த்த பிறகு ஓடினால் டோஸை மாற்றிச் சோதித்துப் பார்க்க நேரம் இருக்காது. ரமலான் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாட்கள் முன்னால் நகர்வதால் இந்தச் சந்திப்பும் நகர்ந்துகொண்டே இருக்கும். 2030-ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என ஒரே ஆண்டில் இரண்டு ரமலான்கள் தொடங்கும்.

ஜமாஅத்கள் செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது, செலவே இல்லாதது. ரஜபிலோ ஷஅபானிலோ ஒரு ஜும்மா பயானில், நோயாளி நோன்பை விடுவது குற்றமில்லை என்பதோடு நிறுத்தாமல், 'பகலில் ஒருவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் ஏன் என்று கேட்காதீர்கள்' என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். முதல் பாதியைப் பல பள்ளிவாசல்களில் கேட்கலாம். இரண்டாவது பாதிதான் அந்த இளைஞருக்கு வேண்டியது.

சரி, 5.45 மணிக்கு அவரை விட்டுவிட்டு வந்தோம். அவர் என்ன செய்ய வேண்டும்?

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த வழிகாட்டி சொல்லும் எல்லை. பாங்குக்கு அரை மணி நேரம் இருந்தாலும் சரி, ஐந்து நிமிஷம் இருந்தாலும் சரி. மீட்டர் கையில் இல்லை, ஆனால் நடுக்கமும் வியர்வையும் இருக்கிறது என்றாலும் காத்திருக்கக் கூடாது. இறங்கியிருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. மயங்கி விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு போன் செய்ய வேண்டும். இதைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்கு அவனுக்கு முதலில் நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை ஏறி நடுக்கம் நின்ற பிறகு அவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. அதே வரிசையில் உட்கார்ந்து, பாங்கு சொன்னதும் மற்றவர்களோடு கஞ்சி குடிக்கலாம், மக்ரிப் தொழலாம். அன்றைய நோன்பு களா கணக்கில் சேரும். அடுத்த நாள் நோன்பு வைப்பதா வேண்டாமா என்பதை, இரவிலேயே டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.